பருத்திப் பண்ணையில் கல்யாணம்

மகனே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தவன் நீ. படிக்க வரும், எழுத்துக் கூட்டித்தான் வரும். அதுவே எனக்கு வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் கைபேசியில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே படித்து முடித்து, "ஐ ஹியர் யூ, அப்பா" என்று ஒரு வரி அனுப்புவாய். மூன்று வாரங்களாக அந்த வரிதான் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. காது கேட்காதவனிடம் குரலை உயர்த்திப் பேசலாம். கேட்கிறது, கேட்கிறது என்று தலையாட்டுகிறவனிடம் என்ன செய்வது? நான் இதுவரை குரலை உயர்த்தவில்லை. இந்தக் கடிதத்திலும் உயர்த்தப் போவதில்லை. அதை நான் தணிந்துவிட்டதாக நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதன் ஒரு பிரதி ஹூஸ்டனில் நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் போகிறது. பெயர்களை மாற்றிவிட்டேன், நீ கல்யாணத்துக்குப் பிடித்திருக்கும் மாளிகையின் பெயரை எழுதவில்லை. நீ ஒருவன் மட்டும் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் இது நம் வீட்டோடு முடிந்திருக்கும். ஆனால் நம்மவர்களில் மூன்று குடும்பங்கள் ஏற்கெனவே அங்கே கல்யாணம் நடத்திவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு நானே போயிருக்கிறேன். புல்வெளியில் போட்டிருந்த கூடாரத்தில் பருப்பும் நெய்யும் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் உன் அம்மாவோடு நின்று படமும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் படம் இன்றும் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஆகவே நான் சுத்தமான கைகளோடு இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலரில் படிக்கிறவர்களுக்காக இடத்தைச் சொல்ல வேண்டும். ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு மணி நேரம் போனால் பிரேசோஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகை வருகிறது. வெள்ளைத் தூண்கள், இரண்டு மாடி, வாசல்வரை இருபுறமும் கிளை கோத்த ஓக் மரங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் அது பருத்திப் பண்ணை. உழைத்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். இன்று அது கல்யாண மாளிகை. மூன்று வாரங்களுக்கு முன் நீ சான் ஹோசேயிலிருந்து வந்திருந்தபோது, நீயும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹரிணியும் எங்களை அழைத்துப்போய் அதைச் சுற்றிக் காட்டினீர்கள். எல்லாம் முடிவாகிவிட்டது, பெரியவர்கள் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மா அந்த வார்த்தையை உடனே சொல்லிவிட்டாள். "ஏனுங்க, இந்த மரத்தடியில நாதஸ்வரக்காரங்கள உக்கார வெச்சா எப்படி இருக்கும்! மாப்பிள்ளை அழைப்ப அந்தக் கேட்டுலிருந்தே ஆரமிச்சரலாம்" என்றாள். நிர்வாகி, முகத்தில் புன்னகை குறையாத ஒரு நடுவயதுப் பெண், எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். அங்கே நான்கு சிறு குடில்கள். பழைய பலகைச் சுவர், புதிய சன்னல், குளிர்சாதனம், ஆளுயரக் கண்ணாடி. மணப்பெண்ணும் தோழிகளும் உடுத்திக்கொள்வதற்காம். "எல்லாம் அந்தக் காலத்துக் கட்டடமே, அழகாகப் புதுப்பித்திருக்கிறோம்" என்றாள். நான் கேட்டேன்: இதில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவள் சிறிதும் தயங்காமல், "ஸ்லீப்ஸ் ஃபோர், சார்" என்றாள். நாலு பேர் வசதியாகப் படுக்கலாமாம். அவள் என்னை ஏமாற்றவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கக்கூடும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. ஹரிணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசி சூப்பரா இருக்கு மாமா, மேக்கப் கலையாது" என்றாள். ஹரிணிமீது எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குச் சொன்னவன் நான். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

திரும்பும் வழியில், ஹரிணியை அவள் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, காரில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. "அது அடிமைங்கள அடைச்சு வெச்சிருந்த எடம்டா" என்றேன். "தெரியும்ப்பா, வெப்சைட்லயே ஹிஸ்டரி பேஜ் இருக்கு" என்றாய். தெரிந்துமா என்று கேட்டேன். "அமெரிக்கால எந்த எடத்துக்குப்பா ஹிஸ்டரி இல்ல? நம்ம வீடு இருக்கற எடமே ஒரு காலத்துல கரும்புத் தோட்டம். நீங்க அங்க இருபது வருஷமா தக்காளிச் செடி வெச்சிட்டுத்தான இருக்கீங்க?" என்றாய். பின் இருக்கையிலிருந்து உன் அம்மா, "ஏனுங்க, கல்யாணத்துக்கு எடம் பாக்க வந்தமா, பரீட்சைக்குப் படிக்க வந்தமா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். அப்புறம்தான் சொன்னாய்: "சிவில் வார் எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்ப்பா. அஞ்சு டர்னிங் பாயின்ட். இன்னும் மனப்பாடம். ஒப்பிக்கட்டுமா?" ஃப்ரீவேயில் வண்டிகள் நின்றுவிட்டன, ஸ்டீயரிங் மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஒப்பித்தாய். சம்டர் கோட்டை, ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், அட்லாண்டா. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, தளபதி, விளைவு. ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த ஐந்திலும் ஒரு அடிமைகூட இல்லை.

என்னைத் தைத்தது அதுதான். உன் வாதம் அல்ல. நீ ஒப்பித்தது என் கையெழுத்து. பதினோராம் வகுப்பில் அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்காகச் சமையலறை மேசையில் உன்னை உட்காரவைத்து, வெள்ளை அட்டைகளில் நான் எழுதிக் கொடுத்தவை. கோயம்புத்தூரில் பொறியியல் படித்த எனக்கு வரலாறு தெரியாது, தேர்வு தெரியும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து குறிப்பு, அடிக்கோடு, கடைசியில் ஒரு வரி முடிவுரை. அப்படித்தான் நான் மேலே வந்தேன். உன்னையும் அப்படித்தான் ஏற்றிவிடப் பார்த்தேன். அன்றைக்கு ஆன்டீட்டம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, இதுல ஸ்லேவ்ஸ் எங்க வர்றாங்க?" நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அது 'காரணங்கள்' கேள்வில வரும். இது 'திருப்புமுனைகள்' கேள்வி. ரெண்டையும் போட்டுக் கலக்காத." நீ கலக்கவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினாய். இன்று வரை கலக்காமலேயே இருக்கிறாய்.

அதற்கும் முன்னால் இன்னொன்று உண்டு. உன் அம்மா குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற பிரச்சினை ஒன்றைச் சொல்லுக என்று ஒரு கேள்வி. அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் என்று மூன்று விடைகள். எதைச் சொன்னாலும் சரி. அவள், "அடிமை முறைன்னே சொல்லிர்றனுங்க, சின்ன வார்த்தை, வாயில நிக்கும்" என்றாள். நான்தான் தடுத்தேன். "வேண்டாம். கேக்கற அதிகாரி எந்தப் பக்கத்து ஆளோ. எதுக்கு வம்பு? மாநில உரிமைகள்னு சொல்லு." அவள் அப்படியே சொன்னாள், தேறினாள். இந்த நாட்டில் நம் குடும்பம் அதிகாரபூர்வமாகப் பேசிய முதல் வார்த்தைகளில் ஒன்று அது. இங்கே வந்து சேர்ந்த நம்மவர்கள் பலரும் இதைத்தான் செய்தோம். எது வம்பில்லாத விடையோ அதைக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்தோம். பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தோம்.

ஆகவே அந்த அட்டைகளைத் திருத்தும் கடமை எனக்கு இருக்கிறது. சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்துப் போர் தொடங்கியது என்று முதல் அட்டையில் எழுதினேன். அதன் பிறகு சில வாரங்களில், வர்ஜீனியாவில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த அடிமைகள் மூன்று பேர் படகு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வடக்குப் படையின் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் சமாதானக் கொடியோடு ஒரு அதிகாரி வந்து, உங்கள் நாட்டுச் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டான். கோட்டைத் தளபதி ஒரு வழக்கறிஞர். நீங்கள்தான் வேறு நாடு என்று அறிவித்துவிட்டீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு என்று சொல்லி, எதிரியின் போர்ச் சரக்கு என்ற பெயரில் அவர்களை வைத்துக்கொண்டார். அவருடைய ஏட்டிலும் அவர்கள் சரக்குதான், பார். ஆனால் திருப்பித் தரப்படாத சரக்கு. செய்தி பரவியது. அடுத்தடுத்த நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டே இருந்தார்கள். வெற்றி, தோல்வி என்று தலைநகரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் போர் எதைப் பற்றியது என்பதை அந்த மூன்று பேர் தீர்மானித்துவிட்டார்கள். உன் அட்டையில் அவர்களுக்கு இடமில்லை, ஏனென்றால் அவர்கள் பெயருக்கு முன்னால் தளபதி என்று இல்லை.

ஆன்டீட்டத்துக்கு, 'விளைவு: பிரிட்டனும் பிரான்சும் தலையிடவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். சரிதான், மதிப்பெண் கிடைக்கும். அந்த மண்ணில் ஒரே நாளில் அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்குப் பிணங்கள் விழுந்தன. ஐந்து நாள் கழித்து, புத்தாண்டுக்குள் கலகத்தைக் கைவிடாத மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெறுவார்கள் என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். புத்தாண்டிலிருந்து கறுப்பின ஆண்கள் படையில் சேரலாம் என்றும் ஆனது. பிடிபட்டால் மீண்டும் அடிமை, அல்லது மரணம், தெரிந்தே சேர்ந்தார்கள். அட்லாண்டா விழுந்ததால் அதே தலைவர் மீண்டும் தேர்தலில் வென்றார் என்பதும் உன் அட்டையில் இருக்கிறது. அவர் தோற்றிருந்தால் இந்த மனிதர்கள் எந்த எசமானிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டிருப்பார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

இப்போது விக்ஸ்பர்க். மிசிசிப்பி ஆறு வடக்கின் கைக்கு வந்தது, தெற்கு இரண்டாகப் பிளந்தது. இவ்வளவுதான் எழுதினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்குப் படை நெருங்க நெருங்க, மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் இருந்த எசமானர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படை வந்தால் விடுதலை வந்துவிடும் என்பதால், தங்கள் அடிமைகளைப் படை எட்டாத தொலைவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். டெக்சாஸுக்கு. பிரேசோஸ் கரைக்கு. நூற்றுக்கணக்கான மைல்கள், பலரும் நடந்தே. புருஷன் ஒரு பண்ணை, பெண்டாட்டி ஒரு பண்ணை என்றிருந்தால் ஒருவர் அங்கேயே விடப்பட்டார். விடுதலை ஒரு வாரத் தொலைவில் இருந்தபோது அதற்கு எதிர்த்திசையில் நடத்தப்பட்டவர்கள் அவர்கள். உன் மாளிகையின் வரலாற்றுப் பக்கத்தை நான் நான்கு முறை படித்தேன். 'போர்க்காலத்திலும் பண்ணை செழித்தது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எப்படிச் செழித்தது என்று நீ கேட்டாயா? அட்டைகளை அவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்தவனுக்கு, விக்ஸ்பர்க்கையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா? அந்தக் குடில்களில் எத்தனை பேர் என்று நான் கேட்டது அதற்காகத்தான். 1865 ஏப்ரலில் தெற்கின் முதன்மைப் படை சரணடைந்தது. டெக்சாஸ் கடற்கரையில், கால்வெஸ்டனில், வடக்குப் படை இறங்கி விடுதலை ஆணையை வாசித்தது ஜூன் பத்தொன்பது. அந்த ஆணையும், இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றுதான் அவர்களுக்கு அறிவுரை சொன்னது. பருத்தி எடுத்து முடியும்வரை சில பண்ணைகளில் செய்தியையே சொல்லவில்லை. நீ கோடையில் நண்பர்களோடு நீந்தப் போவாயே, அந்தக் கால்வெஸ்டன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதில் பாதியை உன்னிடம் சொன்னேன். "வேலிட் பாயின்ட், அப்பா" என்றாய். அடுத்த நிமிடம், மிகவும் பொறுமையாக, எனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தாய். "இங்கயாவது ஒரு ஹிஸ்டரி பேஜ் இருக்கு. கேட் பக்கத்துல ஒரு போர்டு இருக்கு. உங்க கல்யாணம் நடந்த எடத்துல என்ன போர்டுப்பா இருக்கு?" நான் இணைப்பைத் துண்டித்தேன். என் கோபத்தில் பாதி அந்தக் கேள்வி சரியானது என்பதால் வந்த கோபம்.

என் கல்யாணம் எங்கள் ஊர் கோபியில், எங்கள் தோட்டத்துக் களத்தில் போட்ட பந்தலில் நடந்தது. நம் கல்யாணங்களில் மணமக்களை வாழ்த்தி நீண்ட பாட்டைப் பாடுகிறவர் நாவிதர். அவர் நாலு வரி சொல்லி நிறுத்துவார், மேளம் ஒரு தட்டுத் தட்டும், மறுபடி தொடர்வார். அவர் பாடி முடிக்காமல் கல்யாணம் முடியாது. எனக்குப் பாடியவர் பெயர் மாரப்பன். என் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவரை "வாடா, போடா" என்றுதான் பேசினேன். அவர் என்னைச் "சின்னய்யா" என்றார். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோரும் அப்படிப் பேசினார்கள். அன்றைக்கு எங்களை அத்தனை செல்வமும் பெற்று வாழ வாழ்த்திவிட்டு, பந்தியில் அவர் உட்காரவில்லை. எல்லாப் பந்தியும் முடிந்து, களத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகை ஓரமாக, இலையில் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போன நான் பார்த்தேன். "என்ன மாரா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஆச்சுங்க சின்னய்யா, மகராசனா இருங்க" என்றார். அப்போது எனக்கு வயது இருபத்தேழு, பொறியியல் பட்டம் வாங்கியிருந்தேன், விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். அவர் எந்த ஆண்டு இறந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. இங்கே நம் கல்யாணங்களில் அவர் இடத்தில் ஒரு புளூடூத் ஒலிபெருக்கி இருக்கிறது. பாட்டு கடல் தாண்டிவிட்டது. அதைப் பாடியவர்களின் பிள்ளைகளுக்கு விசா வாங்கிக் கொடுக்கச் சங்கத்தில் யாரும் கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை. பதினான்கு ஆண்டுகளாக அந்தச் சங்கத்தில் வரன் பட்டியலை நிர்வகிப்பவன் நான். நீயும் ஹரிணியும் ஒருவரை ஒருவர் கண்டது அந்தப் பட்டியலில்தான். அதில் 'நம்மவர்களுக்கு மட்டும்' என்ற முதல் வரியை எழுதியதும் நான்தான்.

இவற்றை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டால், அப்பாவுக்குப் பேச வாய் இல்லை, கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதே. எனக்கு ஒரு குற்றம் இருப்பதால் உனக்கு ஒரு சலுகை கிடைத்துவிடாது. கோபியின் களத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அதற்குள் பிறந்தேன்; அதில் பெருமைப்பட ஏதுமில்லை, கண்ணைத் திறக்க எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. நீ கண்ணைத் திறந்துகொண்டு, வரலாற்றுப் பக்கத்தைப் படித்துவிட்டு, படங்களை ஒப்பிட்டு, மேலிருந்து எடுக்கும் காணொளியில் ஓக் மரங்கள் அழகாகத் தெரியும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தாய். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தெரியாதவனிடம் சண்டை போடலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, 'வேலிட் பாயின்ட்' என்று சான்றிதழும் கொடுத்துவிட்டு, அடுத்து பூ அலங்காரக்காரரைக் கூப்பிடுகிறவனிடம் எதைக் கொண்டு மோதுவது?

நேற்று மாலை உன் அம்மா அழைப்பிதழின் மாதிரியை என் கைபேசிக்கு அனுப்பினாள். அச்சுக்குப் போகும் முன் நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். பார்த்தேன். இரண்டு திருத்தங்கள் செய்து அச்சகத்துக்கு அல்ல, உனக்கு அனுப்புகிறேன். முதல் திருத்தம், என் பெயருக்கு மேலே இருந்த நம் குலப் பெயரை அடித்துவிட்டேன். அது என் பங்கு. அதற்கு உன் சம்மதம் தேவையில்லை, உன் அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். வரன் பட்டியலின் முதல் வரியையும் எடுத்துவிட்டேன், இரண்டு பேர் ஏற்கெனவே கூப்பிட்டு, "என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று கேட்டார்கள். இரண்டாவது திருத்தம், 'இடம்' என்பதன் கீழ் மாளிகையின் பெயருக்கு அடுத்து ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்கள் உழைத்த பருத்திப் பண்ணை. மணப்பெண் அலங்கார அறை: அவர்கள் வாழ்ந்த குடில்.' இதில் பொய் ஒன்றும் இல்லை. உன்னுடைய வரலாற்றுப் பக்கத்திலேயே இருப்பதுதான், முகவரியின் ஒரு பகுதிதான்.

இடத்தை மாற்று என்று நான் கேட்கவில்லை. அந்த வரியோடு அழைப்பிதழ் அச்சாகட்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, வாசலில் நின்று, படித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரையும் நானே கைகூப்பி வரவேற்கிறேன். அந்த வரி இல்லாமல் அச்சானால் நான் வரமாட்டேன். என் பெயரையும் எடுத்துவிடு. நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பா, இதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில போடற விஷயமா?" என்று கேட்பாய். அது கல்யாணம் நடத்துகிற இடமா என்றுதான் நான் மூன்று வாரங்களாக உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா